திருக்கோணமலையும் தேசவழமையும்: சட்டமாணிப் பாடங்களின் வரலாற்றுப் பின்னணி

இலங்கையிலே சட்டமாணிப் பட்டத்துக்குப் பயிலும் மாணவர் கற்கவேண்டிய பாடங்கள் பல. அரசமைப்புச் சட்டம், ஒப்பந்தச் சட்டம், தீங்கியற் சட்டம், குற்றவியற் சட்டம், சான்றுச் சட்டம், ஆதனச் சட்டம், நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம், வணிகச் சட்டம், சர்வதேசச் சட்டம் என அவை விரிந்து செல்லும். இவற்றோடு, ஆள்சார் சட்டங்கள் என்னும் தலைப்பின்கீழ்க் கண்டியச் சட்டமும், முஸ்லிம் சட்டமும், தேசவழமையும் கற்பிக்கப்படும். ஒரு சிறு தீவில் வாழும் மக்களுக்கு இத்தனை வகைச் சட்டங்கள் எங்ஙனம் வந்து சேர்ந்தன என்ற வினாவுக்குச் சட்ட நூல்கள் விடை கூறுவது குறைவு. சட்டம் யாதென உரைப்பதே அவற்றின் வேலை. அது வந்த வழியைத் தேடுவது வரலாற்றாசிரியரின் வேலையாகிறது.

அவ்வழியைத் தேடுவோர்க்குத் திருக்கோணமலையைப் போலத் தக்க இடம் பிறிதொன்றில்லை. சட்டமாணிப் பாடங்களுட் பெரும்பாலானவை கப்பலேறி வந்தவை. அவற்றைக் கொண்டுவந்த வல்லரசுகள் யாவும் இத்துறைமுகத்தில் நங்கூரம் பாய்ச்சியவை. மேலும், தமிழரின் சட்டமெனப் பலராலும் கருதப்படும் தேசவழமை, தமிழர் தொன்றுதொட்டு வாழும் இம்மாவட்டத்து மக்களுக்கு உரியதன்று. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்ணுக்கு உரித்தான பங்கு திருக்கோணமலைப் பெண்ணுக்கு உரித்தாகாமற் போனமைக்கும், யாழ்ப்பாணப் பெண்ணுக்கு இல்லாத சுதந்திரம் ஒன்று திருக்கோணமலைப் பெண்ணுக்குக் கிடைத்தமைக்கும் காரணம் நிலப்படத்தில் இழுக்கப்பட்ட ஓர் எல்லைக் கோடேயாம்.

இந்நாட்டில் முறையான சட்டக் கல்வி அண்மைக்காலத்தது. கொழும்பிலே சட்டக் கல்லூரி 1874ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. பல்கலைக்கழகத்திற் சட்டத்துறை 1947ஆம் ஆண்டிலேதான் தோன்றியது. சட்டத்தை வெறுந் தொழிலாகவன்றி வரலாற்றுப் பொருளாகவும் ஆராயும் மரபு பல்கலைக்கழகத்தின் வழியே வளர்ந்தது. பேராசிரியர் த. நடராசா இலங்கைச் சட்ட முறைமையின் வரலாற்றுப் பின்னணி பற்றி எழுதி 1972இல் வெளியிட்ட ஆங்கில நூல் அம்மரபின் சிறந்த பேறு. அதற்கு முன்னரே, பின்னாளில் உயர் நீதிமன்ற நீதியரசராக விளங்கிய எச். டபிள்யூ. தம்பையா, தமிழரின் சட்டங்களையும் வழக்கங்களையும் ஆராய்ந்து நூல்கள் இயற்றியிருந்தார். இவ்விருவரையும் படியாது தேசவழமையைப் படித்தேன் என்பார் அதன் வாய்பாட்டை மட்டும் படித்தவராவார்.

கப்பல்கள் கொணர்ந்த சட்டங்களை நோக்குமுன், இம்மண்ணில் முன்னரே இருந்த ஒழுங்கைக் காண்டல் முறையாகும். கவிராசவரோதயன் இயற்றியதெனப்படும் கோணேசர் கல்வெட்டு என்னும் நூலைச் சமயநூலாகவே பலரும் போற்றுவர். எனினும், அதனைச் சட்டம் பயின்ற கண்ணோடு வாசிப்போர்க்கு அது வேறு வகையாகத் தோன்றும். குளக்கோட்டு மன்னன் கோணேசர் கோயிலுக்கு நிலங்களை வகுத்தளித்ததையும், சோழ நாட்டிலிருந்து மக்களை அழைத்துக் குடியேற்றியதையும், தானத்தார், வரிப்பத்தார் முதலியோர்க்குரிய தொழும்புகளையும், திருக்கோணமலை, கொட்டியாரம், தம்பலகாமம், கட்டுக்குளம் ஆகிய பற்றுக்கள் கோயிலுக்குச் செய்யவேண்டியவற்றையும் அது கூறுகின்றது. யார் எதைச் செய்யக் கடவர், செய்தார்க்குரிய பங்கு எது, தவறினார்க்கு நேர்வது யாது என்பனவே அதன் பொருள். தானத்தார்க்கும் வரிப்பத்தார்க்குமிடையே பிணக்கெழுந்தால் நீதி செலுத்துவதற்கென மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலன் வரவழைக்கப்பட்டான் என்றும் அந்நூல் சொல்லும். அதன் காலம் பற்றி அறிஞர் ஒருமித்த கருத்துடையரல்லர்; குளக்கோட்டன் காலத்துச் செய்திகளை அப்படியே வரலாறாகக் கொள்வதும் பொருந்தாது. ஆயினும், கடமையும் உரிமையும் பிறப்பாலும் நிலத்தாலும் கோயிலோடு பிணைக்கப்பட்டிருந்த ஒரு சமுதாயத்தின் ஒழுங்கு அதில் எழுத்துருப் பெற்றுள்ளது என்பதில் ஐயமில்லை. அவ்வொழுங்கின் நடுநாயகமாக நின்ற கோயில் 1624ஆம் ஆண்டளவிற் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டு, அதன் கற்கள் கோட்டைக்குப் பயன்பட்டன. கோயில் போன பின்னர் அதனைச் சுற்றியிருந்த ஒழுங்கு தளர்ந்தது. தம்பலகாமத்தில் அது மறுபடி வேரூன்றியது வேறு கதை.

ஒல்லாந்தர் 1639இல் இக்கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். பின்னர் சில காலம் விட்டு நீங்கி, மீண்டும் வந்து நிலைத்தனர். அவர்கள் கொண்டுவந்த சட்டமே இன்று மாணவர் ஒப்பந்தச் சட்டத்திலும் தீங்கியற் சட்டத்திலும் ஆதனச் சட்டத்திலும் பயிலும் உரோம ஒல்லாந்தச் சட்டமாகும். பழைய உரோமரின் சட்டத்தை ஒல்லாந்து மாகாணத்து வழக்கங்களோடு இணைத்து அந்நாட்டு நியாயசாத்திரிகள் உருவாக்கிய முறைமை அது. அதன் முதலாசிரியருள் ஒருவரான இயூகோ குரோசியசுவின் பெயரை மாணவர் இரு வகுப்புகளிற் கேட்பர். உரோம ஒல்லாந்தச் சட்டத்துக்கு 1631இல் வெளிவந்த அவரது முன்னுரை நூல், அவர் அரசியற் பகையாற் சிறையிருந்த காலத்தில் எழுதப்பட்டது. சர்வதேசச் சட்ட வகுப்பிற் பேசப்படுவது அதனினும் முந்திய, 1609இல் வெளிவந்த, கடல் யாவர்க்கும் பொதுவென வாதிக்கும் அவரது நூலாகும். அந்நூல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் நலன் கருதி, கீழைக் கடல்கள் தமக்கே உரியவை என்ற போர்த்துக்கேயரின் உரிமைக் கூற்றை மறுக்க எழுந்தது. கடல் பொதுவென்று வாதித்த அதே கம்பனி, இலங்கையின் துறைகளைக் கைப்பற்றியபின் கறுவா வாணிகத்தைப் பிறர் அணுகாவண்ணம் பூட்டிவைத்தது. வழக்கறிஞரின் வாதமும் கட்சிக்காரரின் ஒழுக்கமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

1782ஆம் ஆண்டு இத்துறைமுகம் ஒரே ஆண்டில் மூன்று கொடிகளைக் கண்டது. ஒல்லாந்தரின் கோட்டையைச் சனவரியில் ஆங்கிலேயர் பிடிக்க, ஆகத்து மாதத்திற் பிரான்சியத் தளபதி சுவ்ரென் அதனை அவர்களிடமிருந்து பறித்தார். பின்னர் சமாதான உடன்படிக்கையால் அது ஒல்லாந்தரிடமே மீண்டது. 1795இல் ஆங்கிலேயர் நிலையாக வந்து சேர்ந்தனர். அடுத்து நிகழ்ந்தது மாணவர் பலரும் வியக்கும் செய்தி. வென்றவர் தமது சட்டத்தைத் திணிக்கவில்லை. ஆள்பதி பிரெடரிக் நோர்த் 1799ஆம் ஆண்டு செத்தெம்பர் 23ஆந் தேதி வெளியிட்ட பிரகடனம், ஒல்லாந்தர் ஆட்சியில் நிலவிய சட்டங்களின்படியே நீதி பரிபாலிக்கப்படும் என அறிவித்தது. 1835ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை மீண்டும் உறுதிசெய்தது. ஒல்லாந்தரோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் தம் நாட்டிற் புதிய சட்டக் கோவைகளை இயற்றிப் பழைய சட்டத்தைக் கைவிட்டனர். பிறந்த வீட்டில் மறைந்த அச்சட்டம் தென்னாபிரிக்காவிலும் இலங்கையிலும் உயிர்வாழ்கின்றது.

இனித் தேசவழமைக்கு வருவோம். 1706இல் ஒல்லாந்த ஆள்பதி கோர்னேலிசு யொவான் சீமொன்சு யாழ்ப்பாணத்து மக்களின் வழக்கங்களைத் தொகுக்குமாறு கட்டளையிட்டார். அப்பணியைச் செய்தவர் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றி அவ்வூர் வழக்குகளை நன்கறிந்திருந்த திசாவை கிளாசு ஈசாக்சு. 1707இல் அவர் சமர்ப்பித்த தொகுப்பு தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, பன்னிரு முதலிமாரிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதனை வாசித்து, வழக்கத்தோடு ஒத்ததென ஏற்றனர். ஊர்ப் பெரியோரின் நினைவில் இருந்தது ஏட்டில் ஏறிய நாள் அதுவே. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற மூவகைச் சொத்துப் பாகுபாடு அதன் உயிர்நாடி. பெற்றோரிடமிருந்து வழிவழி வருவது முதுசம். பெண்ணுக்கு மணத்தின்போது கொடுபடுவது சீதனம். கணவனும் மனைவியும் கூடிவாழுங் காலத்தில் ஈட்டுவது தேடியதேட்டம். காணி விற்கும்போது பங்காளரும் உறவினரும் அயலவரும் முதலில் வாங்கும் உரிமையும், ஒற்றி, ஈடு, கடன், தத்து முதலியனவும் அதில் இடம்பெற்றன. அடிமைகள் பற்றிய விதிகளும் இடம்பெற்றன என்பதை மறைத்தல் நேர்மையன்று. 1844இல் அடிமைமுறை முற்றாக ஒழிக்கப்படும்வரை அவையும் சட்டமே. பழையதெல்லாம் நல்லதெனப் போற்றுவோர் அப்பகுதியையும் ஒருமுறை வாசித்தல் வேண்டும்.

1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் ஆங்கிலேயர் இத்தொகுப்புக்கு முழு வலிமை அளித்தனர். அதில் வரும் சொற்றொடர் கவனிக்கத்தக்கது. அத்தொகுப்பு யாழ்ப்பாண மாகாணத்து 'மலபார் குடிகளின்' வழக்கமெனவே குறிக்கப்பட்டது. மலபார் என்பது அக்காலத்து ஐரோப்பியர் தமிழரைச் சுட்டிய சொல். ஆகவே, இச்சட்டம் இலங்கைத் தமிழர் யாவர்க்குமென எழுந்ததன்று. ஒரு குறித்த பிரதேசத்தின் குடிகளுக்கென எழுந்தது. திருக்கோணமலை ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாண நிருவாகத்தோடு சில காலம் சேர்ந்திருந்ததுண்டு. எனினும், ஈசாக்சு தொகுத்தது யாழ்ப்பாணத்து வழக்கத்தையே. 1786இல் இம்மாவட்டத்து ஒல்லாந்தத் தலைமை அதிகாரியான வான் சென்டன் கொட்டியாரம், தம்பலகாமம் முதலிய பற்றுக்களினூடே பயணஞ் செய்து நாட்குறிப்பு ஒன்றை எழுதிவைத்தார். குளங்களையும் வயல்களையும் குடிகளின் நிலைமையையும் ஆராய்வதே அப்பயணத்தின் நோக்கம். இம்மாவட்டத்துக்கு ஒரு வான் சென்டன் வாய்த்தார். ஓர் ஈசாக்சு வாய்க்கவில்லை. அதன் விளைவை அடுத்த நூற்றாண்டு காட்டிற்று.

1833இல் ஆங்கிலேயர் தீவை ஐந்து மாகாணங்களாகப் பிரித்தபோது, திருக்கோணமலை கிழக்கு மாகாணத்துள் அமைந்தது. கோல்புறூக்கு ஆணைக்குழுவின் சிபாரிசை ஒட்டிச் செய்யப்பட்ட நிருவாகப் பிரிவினை அது. குடும்பச் சொத்தைப் பற்றி அப்பிரிவினையைச் செய்தார் சிந்தித்திருப்பர் எனக் கொள்ள இடமில்லை. ஆனால், 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அக்கோட்டையே எடுத்தாண்டது. கண்டியர்க்கும், முஸ்லிம்களுக்கும், தேசவழமைக்குட்பட்ட வட மாகாணத் தமிழர்க்கும் அச்சட்டம் ஏற்புடையதன்று எனத் தொடக்கத்திலேயே கூறப்பட்டது. வட மாகாணத் தமிழர் விலக்கப்பட்டனர். கிழக்கு மாகாணத் தமிழர் விலக்கப்படவில்லை. கொட்டியாரத்துக் கமக்காரரும் கொழும்புச் சிங்கள வணிகரும் ஒரே சட்டத்தின்கீழ் வந்தனர்.

அச்சட்டம் செய்த மாற்றம் சிறிதன்று. உரோம ஒல்லாந்தச் சட்டத்தின்படி கணவன் மனைவியரின் சொத்து இருவர்க்கும் பொதுவாகக் கலந்து ஒன்றாகும். 1877ஆம் ஆண்டு யூன் 29ஆந் தேதிக்குப் பின்னர் மணந்தோர்க்கு அப்பொதுமை ஒழிக்கப்பட்டது. அவரவர் சொத்து அவரவர்க்கே. ஒருவர் மரணசாசனம் எழுதாது இறந்தால் எஞ்சியிருக்கும் துணைவர்க்கு அரைப்பங்கு சேரும். மற்ற அரைப்பங்கு பிள்ளைகளைச் சேரும். மரணசாசனம் எழுதினாலோ, 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் வழங்கிய சுதந்திரத்தின்படி முழுவதையும் விரும்பியவர்க்குக் கொடுக்கலாம்.

இவ்வேற்றுமையின் கனத்தை உணர ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். 1930ஆம் ஆண்டளவில், கடற்படைத் தளமும் எண்ணெய்த் தாங்கிகளும் பெருகி நகரம் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், திருக்கோணமலைத் தெருவொன்றில் இரு எழுதுவினைஞர் அடுத்தடுத்து வீடு வாங்குகின்றனர். ஒருவர் யாழ்ப்பாணத்தில் நிலையான வாழ்விடம் உடையவர். உத்தியோக நிமித்தம் இங்கு வந்தவர். மற்றவர் இவ்வூரிற் பிறந்து வளர்ந்தவர். இருவரும் மணமானவர், இருவரும் தத்தம் சம்பளத்தைக் கொண்டே வாங்கினர். தேசவழமை ஆள்சார் சட்டமாதலின், அது யாழ்ப்பாணத்தவரைப் பின்தொடர்ந்து கடற்கரை வரை வருகின்றது. அவர் வாங்கிய வீடு தேடியதேட்டம். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி அதிற் கணவன் மனைவி இருவரும் சம உரிமையாளர். அவர் வாழும்வரை அதனை நிருவகிப்பவரும், விற்கவும் ஈடுவைக்கவும் வல்லவரும் அவரே. ஆனால் இறக்கும்போது மனைவியின் பாதியை மரணசாசனத்தால் வேறொருவர்க்கு எழுதிவிட இயலாது. அயல்வீட்டுக்காரருக்கு அத்தடையில்லை. வீடு முழுவதும் அவருடையது. அவர் தம் உடன்பிறந்தார்க்கு எழுதிவைத்தால், இருபதாண்டு அடுப்பெரித்த மனைவிக்குச் சட்டத்தில் வழியில்லை. ஒரே தெரு, ஒரே மொழி, ஒரே சமயம், ஒரே கச்சேரியிற் பணி. மனைவியரின் நிலை வேறு.

ஆயினும், கோட்டின் ஒருபுறத்து நியாயமும் மறுபுறத்து அநியாயமுமாக இதனைக் கொள்வதும் தவறாகும். 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம், பொதுச் சட்டத்துக்குட்பட்ட பெண்ணுக்குத் தன் சொத்தைக் கணவனின் அனுமதியின்றி விற்கவும், கொடுக்கவும், அதுபற்றி வழக்காடவும் உரிமை தந்தது. தேசவழமைக்குட்பட்ட பெண்ணோ தன் சொந்தச் சீதனக் காணியையேனும் விற்பதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் பெறல்வேண்டும். அவன் காரணமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடவேண்டும். ஆகவே, மேற்கூறிய இரு மனைவியருள் யாழ்ப்பாணத்தவர்க்குக் கணவனின் தேட்டத்திற் பங்குண்டு, தன் காணியை விற்கச் சுதந்திரமில்லை. திருக்கோணமலையார்க்குத் தன் காணியை விற்கச் சுதந்திரமுண்டு, கணவனின் தேட்டத்திற் பங்கில்லை. வழியுரிமையிலும் இவ்வாறே: பிள்ளைகள் இருக்க, யாழ்ப்பாணத்துக் கைம்பெண் கணவனின் முதுசத்திற் பங்கு பெறாள், திருக்கோணமலைக் கைம்பெண்ணோ, கணவன் மரணசாசனமின்றி இறந்தால், அவனது முதுசத்திலும் பாதி பெறுவாள். தேடியதேட்டம் பற்றிய விதிகள் 1947இல் திருத்தப்பட்டன. அத்திருத்தத்தின் பொருள் யாதென நீதிமன்றங்களில் எழுந்த வாதங்கள் மாணவரின் பரீட்சைத் தாள்களுக்குக் குறையாத உணவாக இருந்துவருகின்றன.

யாழ்ப்பாணக் குடி யாவர் என்ற வினாவும் எளிதன்று. தமிழராயிருத்தல் மட்டும் போதாது. வட மாகாணத்தில் நிலையான வாழ்விடம் உடையவராதலும் வேண்டும் என்பது 1910, 1913ஆம் ஆண்டுகளின் தீர்ப்புகளிலிருந்து வளர்ந்த கோட்பாடு. யாழ்ப்பாணத்திலிருந்து பெயர்ந்து ஒரு தலைமுறைக்கு மேலாகத் திருக்கோணமலையில் வாழும் குடும்பங்கள் எச்சட்டத்துக்கு உரியன என்பது, திரும்பிச் செல்லும் எண்ணம் அவர்க்கு இருந்ததா என்பதைப் பொறுத்தது. இறந்தவரின் எண்ணத்தை உயிரோடிருக்கும் சாட்சிகளைக்கொண்டு நிறுவுவது எத்துணை இடர்ப்பாடுடையதென்பதை நீதிமன்றத்தில் ஒருநாள் இருந்தவர் அறிவர்.

தெற்கே மட்டக்களப்பில் நிகழ்ந்தது இன்னும் கவலைக்குரியது. அங்கே முக்குவர் சட்டம் எனப் பெயர்பெற்ற தாய்வழி வழமை வழங்கிற்று. சொத்து தாய்க்குடி வழியே இறங்கும். ஒருவனின் உரிமை தன் மக்களையன்றிச் சகோதரியின் மக்களைச் சேரும். அவ்வழமையை ஆராய்ந்து கிறித்தோபர் பிரித்தோ ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூல் வெளிவந்த ஆண்டு 1876. அதே ஆண்டின் கட்டளைச் சட்டம் முக்குவர் சட்டத்தை விலக்களிக்கப்பட்டவற்றுள் சேர்க்காமையால், அது படிப்படியாக வழக்கொழிந்தது. ஒரு சட்டத்தைப் பற்றி நூல் எழுதப்பட்ட ஆண்டே அதன் இறுதியின் தொடக்கமாகவும் அமைந்தது. இன்று அதனைச் சட்ட வரலாற்றுக் குறிப்பாக மட்டுமே மாணவர் காண்பர்.

மூதூர், கிண்ணியா முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்களின் நிலை வேறு. 1806இல் வெளிவந்த முகம்மதியர் சட்டக் கோவை முதலிற் கொழும்பு மாகாணத்துக்கென எழுந்து, 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தீவு முழுவதற்கும் விரிந்தது. பின்னர் 1931இன் வழியுரிமைச் சட்டமும் 1951இன் விவாக, விவாகரத்துச் சட்டமும் வந்தன. ஒரு சமூகத்தின் சட்டம் எல்லை கடந்து விரிந்த அதே நூற்றாண்டில் இன்னொன்றின் சட்டம் எல்லைக்குள் ஒடுங்கிற்று. இதற்கு மக்கட்டொகையோ தகுதியோ காரணமன்று. சட்டம் வரைந்தோர் கையாண்ட சொற்களே காரணம்.

சட்டம் மாறியதால் வழக்கமும் மாறிற்றா? கிழக்கிலங்கையிற் பெண்ணுக்கே வீடு கொடுத்தல் என்னும் வழக்கம் தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் வேரூன்றியது. மணமகன் பெண்வீட்டிற்கு வருவதும், தாய்வீடு மகளைச் சேர்வதும், பெற்றோர் இன்னொரு வீடு கட்டி அதனை இளைய மகளுக்கு வைப்பதும் இம்மாவட்டத்தில் அரிய செய்தியல்ல. இதனை 1876இன் சட்டம் விதிக்கவில்லை, தடுக்கவுமில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி காணி மாற்றம் யாவும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படல் வேண்டும். ஆகவே, முன்னர் ஊரார் அறியச் சொல்லாற் செய்யப்பட்டது, பின்னர் சீதன உறுதியாகவும் நன்கொடை உறுதியாகவும் எழுத்தில் ஏறியது. நூலேறாத வழமை நொத்தாரிசின் பெட்டியில் உயிர்வாழ்கின்றது எனலாம். சட்டமாணி மாணவர் உறுதி எழுதும் முறையைப் பயிலும்போது, தாம் வரைவது வெறும் படிவமன்று, ஊரின் வழமை என்பதை ஆசிரியர் எடுத்துரைத்தல் பயன் தரும். இம்மாவட்டத்துப் பழைய உறுதிகளைத் தொகுத்து ஆராய்வார் உளராயின், ஈசாக்சு செய்யாது விட்ட பணியில் ஒரு பகுதி நிறைவுறும்.

குற்றவியலும் சான்றியலும் இத்தகைய சிக்கலுடையனவல்ல. 1883இன் தண்டனைச் சட்டக் கோவையும் 1895இன் சான்றுக் கட்டளைச் சட்டமும் இந்தியச் சட்டங்களைத் தழுவி எழுந்தவை. அவை எம்மாகாணத்தார்க்கும் ஒன்றே. கொலைக்கும் களவுக்கும் ஊர் வேறுபாடு இல்லை.

கப்பல் பற்றிய சட்டம் துறைமுகத்தோடு நேரே தொடர்புடையது. முன்னர்க் கூறிய 1852இன் 5ஆம் இலக்கச் சட்டமே, கடல்சார் விடயங்களில் இங்கிலாந்துச் சட்டம் வழங்கும் எனவும் விதித்தது. ஆகவே, திருக்கோணமலையில் நிலத்தின்மீது ஒருவர் ஒப்பந்தம் செய்தால் ஒல்லாந்தரின் சட்டமும், கப்பலைப் பற்றி ஒப்பந்தம் செய்தால் ஆங்கிலேயரின் சட்டமும் பொருந்துவதாயிற்று. அலை தொடும் கோடே சட்டத்தின் எல்லையுமாயிற்று. கப்பல் வழக்குகளுக்குரிய கடல்சார் நியாயாதிக்கத்தை 1983ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் கொழும்பு மேல் நீதிமன்றத்துக்கு அளித்தது. இயற்கைத் துறைமுகங்களுள் உலகிற் சிறந்தவற்றுள் ஒன்றெனப் புகழப்படும் இத்துறையில் நிற்கும் கப்பலின்மேல் வழக்கு எழுந்தால், அது கேட்கப்படுவது மேற்குக் கரையிலாகும்.

சர்வதேசச் சட்டம் பயில்வோர்க்கும் இத்துறைமுகம் ஒரு பாடநூல். 1766இற் கண்டி மன்னன் ஒல்லாந்தருடன் செய்த உடன்படிக்கையாற் கரையோரம் முழுவதும் அவர்க்கு உரியதாயிற்று. 1947இல் இலங்கை பிரித்தானியாவுடன் செய்த பாதுகாப்பு ஒப்பந்தத்தின் பின்னரும் பிரித்தானியக் கடற்படை இங்கே தங்கியிருந்து, 1957இல் தளத்தை ஒப்படைத்துச் சென்றது. 1987இன் இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் திருக்கோணமலை பெயர் சொல்லியே குறிக்கப்பட்டது: இந்தியாவின் நலனுக்குப் பாதகமான முறையில் எந்நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் இத்துறையோ பிற துறைகளோ வழங்கப்படமாட்டா என்பது அதன் சாரம். உடன்படிக்கை என்றால் யாது, கடிதப் பரிமாற்றம் நாடுகளைக் கட்டுப்படுத்துமா என்ற வினாக்களுக்கு மாணவர் தொலைதூர எடுத்துக்காட்டுகளைத் தேடவேண்டியதில்லை.

இறுதியாக, கோயில். சுவாமிமலையில் மீண்டும் எழுந்த கோணேசர் ஆலயத்துக்கு 1963இற் குடமுழுக்கு நிகழ்ந்தது. இக்காலத்து இந்து ஆலயங்களின் சொத்தும் நிருவாகமும் பற்றிய வழக்குகள் 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வருவன. அச்சட்டத்தின் கருத்துகள் இங்கிலாந்து நீதிமன்றங்களில் முளைத்தவை. நம்பிக்கைப் பொறுப்பாளர் யார், அறக்கொடையின் நோக்கம் யாது, பொறுப்பாளர் தவறினால் நீதிமன்றம் வகுக்கும் திட்டம் எத்தகையது என்பவற்றை மாணவர் அதிற் கற்பர். கோணேசர் கல்வெட்டு வினவுவதும் பெரும்பாலும் இவ்வினாக்களையே: நிலம் எதற்காகக் கொடுபட்டது, அதனைப் பேணுவார் யார், பேணாதார்க்கு என்ன நேரும், பிணக்கைத் தீர்ப்பவர் யார். வேறுபாடு என்னவெனில், ஒன்று தனிமனிதர் ஏற்கும் பொறுப்பைப் பற்றியும், மற்றது குடிகள் பிறப்பால் ஏற்கும் தொழும்பைப் பற்றியும் பேசுகின்றது. பிறப்பாற் கடமை விதித்த அம்முறையை மீட்கவேண்டுமென இன்று எவரும் கோரார். எனினும், நம்பிக்கைப் பொறுப்புச் சட்ட வகுப்பில் இங்கிலாந்துத் தீர்ப்புகளின் அருகே அந்நூலின் சில பகுதிகளையும் வைத்துப் படிப்பித்தல் இயலாததன்று. அதற்கு வேண்டியது, தமிழும் சட்டமும் ஒருங்கு கற்ற ஒருவர் அந்நூலுக்குச் சட்ட நோக்கில் ஓர் உரை எழுதுதலே.